ஜன்னல் கம்பி வளைகிறது

ஜூன் 9, ஞாயிறு

கேமரா வந்துவிட்டது. எங்கள் கம்பெனி டிசைன் பிரிவில் இருந்த பிரசன்னா ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறான். பாடியை மட்டும் எனக்கு விற்றுவிட்டு, லென்ஸ்களைத் தன்னோடு எடுத்துக்கொண்டான். லென்ஸ் இல்லாமல் பார்த்தால் அது பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.

வீட்டுக்காரர் முனிராஜ் பூ வண்டியைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்து பார்த்தார்.

"இத வெச்சிக்கிட்டு என்னா பண்றது?"

"இனிமேதான் லென்ஸ் வாங்கணும்."

"அப்ப இது என்னா?"

"இது உடம்பு. லென்ஸ்தான் கண்ணு."

"கண்ணு இல்லாததயா காசு குடுத்து வாங்கன?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஓசூர் ரோஜாவை தினமும் பெங்களூருக்கு ஏற்றிப் போகிறவர். எதை வாங்கினாலும் அன்றே விற்றுவிட வேண்டும் அவருக்கு.

தங்கை ரூபாவுக்கு ஏழாம் மாதம். ஆடி பிறப்பதற்குள் கிருஷ்ணகிரியில் வளைகாப்பு. "ஃபோட்டோவுக்கு ஆள் வைக்காத, நான் எடுக்கறேன்" என்று போனில் சொல்லிவிட்டேன். "நீயா?" என்றாள். பிறகு, "சரிக்கா, நீ எடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

எனக்கு வேண்டியது ஒரே லென்ஸ். மண்டபம் முழுக்க அடங்க வேண்டும், ரூபாவின் முகமும் பக்கத்தில் வர வேண்டும், பதினைந்தாயிரத்துக்குள் முடிய வேண்டும். பத்தொன்பது வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிறவள் நான். ஒரு லென்ஸைப் பொறுக்கி எடுக்க எனக்கா தெரியாது?

ஜூன் 12, புதன்

இன்றும் இரண்டு ஷிஃப்ட். இன்னொரு இன்ஸ்பெக்டர் பிரசவ விடுப்பில் போனதிலிருந்து இரண்டு பேர் வேலையும் என் தலையில்தான். எனக்கு முடியும் என்பதால்தானே கொடுக்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் லென்ஸ் பற்றி வீடியோ பார்த்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்று வழி சொல்கிறார்கள். ஒன்று, கேமராவோடு சேர்த்தே விற்கிற சாதாரண பதினெட்டு–ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். எண் குறைந்தால் அகலமாக அடங்கும், கூடினால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும். இரண்டு, ஐம்பது. அது முன்னேயும் போகாது, பின்னேயும் வராது, நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் இருட்டிலும் பளிச்சென்று எடுக்கும். மூன்று, பதினெட்டிலிருந்து நூற்று முப்பத்தைந்து வரை போவது. கனம். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது, பழையது கிடைத்தால் உண்டு.

வீடியோக்காரர்கள் எல்லோரும் கடைசியில் "உங்கள் தேவையைப் பொறுத்தது" என்று நழுவிவிடுகிறார்கள். நான் மூன்றையும் கண்ணால் பார்த்து முடிவு செய்வேன்.

ஜூன் 15, சனி

பாகலூர் ரோட்டில் முஜீப் என்று ஒருவர் பழைய கேமரா, லென்ஸ் எல்லாம் வாங்கி விற்கிறார். அலமாரி நிறைய லென்ஸ்கள், ஒவ்வொன்றின் மேலும் துணி மூடி. ஆள் பொறுமைசாலி. முன்பணம் வாங்கிக்கொண்டு லென்ஸைக் கொடுக்கிறார். வீட்டில் வைத்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

"முதல்ல இந்தப் பதினெட்டு–ஐம்பத்தஞ்ச எடுத்துட்டுப் போங்க மேடம். நிறைய பேர் இத மட்டமா பேசுவாங்க. ஆனா ஆரம்பிக்கறவங்களுக்கு இது போதும்."

போதுமா போதாதா என்று நான் சொல்கிறேன் என்றேன். சிரித்தார்.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டு ஜன்னலைத்தான் முதலில் எடுத்தேன். ஏழு கம்பி, நேர் கம்பி, நானே தூக்குக்குண்டு பிடித்துப் பொருத்த வைத்தது. கேமராவின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் இருக்கிற இரண்டு கம்பிகள் இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்கின்றன. நடுவே ஒரு மங்கலும் இருக்கிறது, யாரோ விரல் வைத்த மாதிரி. லென்ஸைத் துடைத்தேன். கண் வைக்கிற இடத்தையும் துடைத்தேன். பார்வைக்கு ஏற்பத் திருப்புகிற குட்டிச் சக்கரம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, அதையும் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பிப் பார்த்தேன். போகவில்லை.

எடுத்த படத்தை மகனின் பழைய லேப்டாப்பில் போட்டால் கம்பி நேராக இருக்கிறது. (மகன் சேலத்தில் விடுதியில் படிக்கிறான். லேப்டாப்பைத் தொட்டது தெரிந்தால் கத்துவான்.) படித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. லென்ஸ் வளைப்பதைக் கேமராவே உள்ளுக்குள் நிமிர்த்திவிடுமாம். அதாவது லென்ஸின் குறையைக் கேமரா மூடி மறைக்கிறது. எங்கள் கம்பெனியில் அப்படிச் செய்தால் மெமோ கொடுப்பார்கள்.

நிராகரித்தாயிற்று.

மதியம் மீன் குழம்பு. நன்றாக வந்தது.

ஜூன் 19, புதன்

நாகவேணியின் லாட்டில் மறுபடியும் பாதிக்கு மேல் பழுதுக்கான சிவப்பு டிரேயில் போட வேண்டி வந்தது. அவள் ஓட்டுகிற மெஷினில் வருவது விரல் அளவு இரும்புப் புஷ். நடுவில் துளை. துளையின் ஓரத்தை நாங்கள் ஐகிளாஸ் வைத்துப் பார்ப்போம். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் ஒரு கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அதுதான். இரண்டு வாரமாக அவள் துளைகள் வட்டமாகவே வருவதில்லை.

அவளே மேசைக்கு வந்துவிட்டாள். புஷ்ஷையும் சோதனைக் கட்டையையும் எடுத்து என் முன்னாலேயே நுழைத்துக் காட்டினாள்.

"அக்கா, கேஜ் போவுதே."

"கேஜ் போனா போதுமா? ஓரத்தப் பாரு. முட்டை மாதிரி இருக்குது."

அவளும் ஐகிளாஸ் வைத்துப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "எனக்கு வட்டமாத்தான் தெரியிது அக்கா."

"அதனாலதான் நீ மெஷின்ல நிக்கிற, நான் இங்க உக்காந்திருக்கேன்."

சோதனைக் கட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல பெண்தான். ஆனால் தரத்தில் நல்லவள் கெட்டவள் பார்க்க முடியாது.

ஜூன் 22, சனி

முஜீப் கடை. பதினெட்டு–ஐம்பத்தைந்தைத் திருப்பிக் கொடுத்தேன். வளைக்கிறது என்றேன்.

"பதினெட்டுல எல்லா லென்ஸும் கொஞ்சம் வளைக்கும் மேடம். ஓரத்துல."

"ஓரத்துல இல்ல. நடுவுல."

"நடுவுல வளையாதே."

"வளையுது."

அவர் தன் கேமராவில் அதை மாட்டி எதிர்க் கடைப் பலகையை ஒரு தரம் பார்த்தார். கழற்றி உள்ளே வைத்தார். தான் விற்கிற பொருளைப் பற்றியே சிலருக்குத் தெரிவதில்லை. அடுத்து ஐம்பதை எடுத்துக் கொடுத்தார். "இது வளைக்கவே வளைக்காது. நீங்க ஸ்கேல் வெச்சுப் பாத்தாலும் சரி."

ஜூன் 23, ஞாயிறு

ஐம்பதும் வளைக்கிறது.

ராமநாயக்கன் ஏரிக் கரையில் முனிராஜை நிற்க வைத்து எடுத்தேன். அவர் முகம் இருக்க வேண்டியதை விடச் சிறுத்துத் தெரிகிறது. மூக்கு இருக்கிற இடத்தில் ஒரு மங்கல். அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, எனக்குத் தெரிந்தது பழுப்பு. வெயில் சரியில்லை என்று நிழலுக்கு மாற்றினேன். அங்கேயும் பழுப்புதான்.

"நீங்களே பாருங்க" என்று கேமராவை அவரிடம் கொடுத்து, ஏரிக்கரைக் கம்பி வேலியைக் காட்டினேன்.

"நேராத்தான இருக்குது."

"நடுவுல பாருங்க."

"நடுவுலயும் நேராத்தான் இருக்குது, மாதேஸ்வரி."

அவருக்குப் பூ வாடியிருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். இதெல்லாம் தெரியாது.

வளைவை விட்டாலும் ஐம்பது எனக்கு ஒத்துவராது. வீட்டு ஹாலில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் சோபாவில் பாதிதான் அடங்குகிறது. வளைகாப்பில் ரூபாவை எடுத்தால் அவளுக்கு வளையல் போடுகிறவர்களின் கை மட்டும்தான் வரும்.

கண் எரிகிறது. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 25, செவ்வாய்

தர மேலாளர் தினகரன் சார் கூப்பிட்டு அனுப்பினார். நாகவேணியின் புஷ்களில் நான் தள்ளியதில் இருபதை எடுத்து அளவு மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறார். இருபதும் வட்டம் என்கிறது மெஷின்.

"மெஷின அளவு சரிபார்த்து எவ்வளவு நாளாச்சு சார்?" என்று கேட்டேன்.

அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "அடுத்த மாசம் பாக்கணும்."

"பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

என் கண்ணை இந்தக் கம்பெனி பத்தொன்பது வருடம் நம்பியிருக்கிறது. வாடிக்கையாளர் பக்கத்து ஆட்களே என் கையெழுத்தைப் பார்த்தால் பெட்டியைப் பிரிக்காமல் எடுத்துப் போவார்கள். சாருக்கும் அது தெரியும். போகச் சொல்லிவிட்டார்.

லைன் லீடர் பதவிக்கு நாகவேணி பெயர் இருந்ததாம், ரிஜெக்‌ஷன் அதிகம் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். லீடர் ஆனால் பகல் ஷிஃப்ட் மட்டும். அவளுக்கு இரண்டு வயதில் குழந்தை. டீ இடைவேளையில் என் பக்கத்தில் எப்போதும் உட்காருவாள், இன்று வேறு பெஞ்சுக்குப் போனாள்.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் முட்டையை வட்டம் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?

ஜூன் 29, சனி

முஜீப்போடு சண்டை.

ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதினெட்டு–நூற்று முப்பத்தைந்தை இந்த முறை கடையிலேயே மாட்டிப் பார்த்தேன். எதிரே துணிக்கடைப் பலகை. நடுவில் இருக்கிற எழுத்துகள் நெளிகின்றன. மூன்றாவது லென்ஸ். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கீழ விழுந்த லென்ஸ எல்லாம் துடைச்சு வெச்சு விக்கிறீங்களா?"

கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். முஜீப்பின் முகம் சிவந்துவிட்டது. "மேடம், பன்னெண்டு வருஷமா கடை வெச்சிருக்கேன். இப்பிடி யாரும் கேட்டதில்ல."

அப்புறம் உள்ளே போய், தான் கல்யாணங்களுக்குக் கொண்டுபோகிற கேமராவை எடுத்துவந்தார். விலை கேட்டால் மயக்கம் வரும் லென்ஸ் அது. "இதுல பாருங்க. இது என் சோறு. இதுவும் வளைஞ்சா நான் கடைய மூடிடறேன்."

பார்த்தேன்.

"எப்பிடி இருக்கு?"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் கேமராவைக் கடையிலேயே மறந்துவிட்டேன் போலிருக்கிறது. முஜீப் போன் செய்தார், எடுக்கவில்லை. முனிராஜ் போய் வாங்கி வந்தார்.

ஜூன் 30, ஞாயிறு

சப்பாத்தி, உருளைக்கிழங்குக் குருமா. ஜன்னலைத் துடைத்தேன். சீக்கிரம் படுக்கப் போகிறேன்.

ஜூலை 1, திங்கள்

ஐகிளாஸை இன்று இடது கண்ணில் வைத்துக்கொண்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எப்போதும் வலது கண்ணிலேயே வைக்கிறோம், அதற்கும் ஓய்வு வேண்டும்.

முதலில் இடுக்க வரவில்லை, இரண்டு முறை கீழே விழுந்தது. பத்து மணிக்குள் பழகிவிட்டது. எனக்கு எதுவும் சீக்கிரம் பழகும்.

மாலையில் சிவப்பு டிரே கிட்டத்தட்டக் காலி. நாகவேணியின் லாட்டில் ஒன்றுகூட இல்லை. டிரேயைத் திருப்பி எடுக்க வந்தவள் அதைப் பார்த்தாள்.

"என்னா அக்கா, இன்னிக்கு ஒண்ணுமே தள்ளல?"

"நல்லா ஓட்டியிருக்க."

"முந்தாநேத்தும் இப்பிடித்தான் ஓட்டனேன்" என்றாள்.

ஜூலை 2, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டது சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் தூசி விழுந்தது. கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, எதிரே ஜன்னல் மட்டும். நடுக் கம்பிகள் இரண்டும் வளைந்திருந்தன. கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினேன். ஏழும் நேராக நின்றன.

பிறகு வீட்டில் உள்ளதை எல்லாம் அப்படிப் பார்த்தேன். காலண்டர், கதவு நிலை, டைல்ஸ் கோடு. முனிராஜ் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் அவர் முகத்தின் நடுப்பகுதி இல்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. இடது கண்ணால் பார்த்தே ரிடையர் ஆகும் வரை ஓட்டிவிடலாம் என்று நேற்று முழுக்கக் கணக்குப் போட்டேன். முடியும். நேற்று ஓட்டிக் காட்டினேனே. வருடா வருடம் இன்ஸ்பெக்டர்களுக்கு நடக்கிற கண் பரிசோதனையும் ஜனவரியில்தான்.

ஆனால் நாகவேணி சொன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இன்று சாப்பிடும்போது முனிராஜிடம் சொல்லிவிட்டேன். அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஏரிக்கரையில நான் நேரா இருக்குதுன்னு சொன்னப்பவே நினைச்சேன். நீ லென்ஸ அப்பிடிப் பாத்துப் பாத்துத் துடைக்கறவ இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ கேப்பியா?"

ஜூலை 4, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. முனிராஜ் வண்டியை வேறு ஆளிடம் விட்டுவிட்டுக் கூட வந்தார். பூ போகாமல் நின்றாலும் ஒருநாளும் வண்டியை மற்றவர் கையில் கொடுக்காதவர்.

டாக்டர் என்னை விடச் சின்னவர். கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார். இடது கண்ணில் கட்டம் கட்டமாக இருந்தது. வலது கண்ணில் நடுவே யாரோ துணியை முடிச்சுப் போட்டு இழுத்த மாதிரி. பிறகு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணுக்குப் பின்னால் படம் விழுகிற திரை இருக்கிறதாம்; அதற்கு அடியில் நீர் கோத்து, திரை மேடு தட்டியிருக்கிறது. ஸ்கேனில் காட்டினார். சமமாக இருக்க வேண்டிய கோடு நடுவில் ஒரு சின்னக் குன்று போலத் தெரிந்தது. இடது கண்ணால்தான் பார்த்தேன்.

"எப்ப இருந்து இப்பிடி இருக்கு?"

"ஒரு வாரமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

முனிராஜ் என்னைப் பார்த்தார்.

"மே மாசம் கடைசியில இருந்து இருக்கும்" என்றேன்.

தூக்கம் எவ்வளவு, என்ன வேலை என்று விசாரித்தார். இரண்டு ஷிஃப்ட் என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். "நிறைய பேருக்கு இது மூணு நாலு மாசத்துல தானா வடியும். உங்களுக்கும் வடியும்னுதான் நினைக்கறேன். வடியலைன்னா லேசர் இருக்கு. ஆனா தூங்கணும். ரெண்டு ஷிஃப்ட் கூடவே கூடாது."

"முழுசா சரியாயிடுமா?"

"பெரும்பாலும். லேசா ஒரு மங்கல் நிக்கலாம். இப்பவே உறுதியா சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் முனிராஜ் இளநீர் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கி கம்பெனியில சொல்லிடுவியா?" என்று கேட்டார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கடைக்காரரிடம் காசை எண்ணிக் கொடுத்தார். 

ஜூலை 5, வெள்ளி

காலையில் முதல் வேலையாகத் தினகரன் சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்வதற்குள் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசத் தோன்றும்.

"சார், நாகவேணி புஷ் எல்லாம் நல்லதுதான். என் வலது கண்ணுலதான் கோளாறு. நேத்து ஸ்கேன் எடுத்தேன். உங்க மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எத்தனை நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"பரவால்ல மாதேஸ்வரி. நல்லதத்தான தள்ளியிருக்கீங்க. கம்பெனிக்கு நஷ்டம், அவ்வளவுதான்."

அங்கேயே முடித்துக்கொண்டிருக்கலாம். அவரே வழி விட்டுவிட்டார்.

"நல்லதக் கெட்டதுன்னு பாத்த கண்ணு, கெட்டத நல்லதுன்னும் விட்டிருக்கும் சார். நான் கையெழுத்துப் போட்டுக் கிடங்குல இருக்கற பெட்டி எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும்."

அவர் எழுந்துவிட்டார். திட்டினார். திட்டி முடித்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். பெட்டிகளைப் பிரிப்பதை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒட்டிய டேப்பை மற்றவர்கள் கிழிக்கிற சத்தத்தை இந்தப் பத்தொன்பது வருடத்தில் இன்றுதான் கேட்டேன். மாலைக்குள் ஒரே ஒரு புஷ்ஷில் கீறல் கண்டுபிடித்தார்கள். மற்றதெல்லாம் சரி. சிவப்பு டிரேயிலிருந்து ரீவொர்க்குக்குப் போகக் காத்திருந்த நாகவேணியின் புஷ்களில் பழுதானது நாலைந்துதான்.

கண் சரியாகும் வரை எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேசை கிடையாது. திங்கள் முதல் கேஜ் ரூம். அளவுக் கட்டைகளை எடுத்துக் கொடுத்து, வாங்கி வைக்கிற வேலை. சரி என்றேன்.

நாகவேணியிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். டீ இடைவேளையில் அவள் பெஞ்சுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"கண்ணுக்கு வந்தா நீங்க என்னா பண்ணுவீங்க அக்கா" என்றாள். "ஆனா நான்தான் வட்டமா இருக்குதுன்னேனே. இன்னொருத்தர்கிட்ட ஒரு தரம் குடுத்துப் பாத்திருக்கலாம் இல்ல?"

"பாத்திருக்கலாம்."

"ராத்திரி ஷிஃப்ட் அன்னிக்கு என் பொண்ணு எழுந்து வீடெல்லாம் தேடுதாம். எங்க அத்தைதான் தூக்கிட்டு வாசல்ல நிப்பாங்க."

 என் தப்பு என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. டீயைக் குடித்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 6, சனி

முஜீப் கடைக்கு முனிராஜையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் ஆள் இருக்கும்போதே சொன்னேன், ஆள் இருக்கும்போதுதானே திட்டினேன். "உங்க லென்ஸ் மூணும் நல்லாத்தான் இருந்துது. என் கண்ணுதான் வளைஞ்சிருக்கு."

முஜீப் பதறிவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொல்லி, தன் மாமாவுக்கு நடந்த கண் ஆபரேஷன் கதையை முழுக்கச் சொன்னார். பிறகு மூன்று லென்ஸையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

இடது கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் பார்த்து முடித்ததை முனிராஜ் கையில் கொடுத்தேன். அவர் பார்த்துச் சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். ஐம்பதில் தெரிவது அழகுதான், ஆனால் ஹாலுக்கு அடங்காது. பதினெட்டு–ஐம்பத்தைந்து குறை சொல்ல முடியாத லென்ஸ், விலையும் சகாயம். மண்டபத்தின் பின்னாலிருந்து மணையில் இருக்கிற ரூபாவின் முகத்தைப் பிடிக்க மட்டும் எட்டாது.

"இந்தப் பதினெட்டு–நூத்தி முப்பத்தஞ்சு எதுலயும் முதல் மார்க் வாங்காது மேடம்" என்றார் முஜீப். "ஆனா எதுலயும் ஃபெயில் ஆகாது. ஒண்ணே ஒண்ணு வெச்சுச் சமாளிக்கணும்னா இதுதான்."

"கனமா இருக்குதே" என்றார் முனிராஜ்.

"பூக்கூடைய விடவா?" என்றேன்.

வெளிப்பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னேன். கண் போனாலும் கீறல் தெரிகிறதே மேடம் என்று முஜீப் குறைத்துக் கொடுத்தார். பதினைந்துக்குள் முடிந்தது.

ஜூலை 12, வெள்ளி

ரூபா வளைகாப்பு.

இடது கண்ணில் கேமராவை வைத்தால் மூக்கு பின்பக்கத் திரையில் போய் முட்டுகிறது. நாலு படத்துக்கு ஒரு முறை எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டியிருந்தது. மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. முதல் அரை மணி நேரப் படங்களில் வளையல் போடுகிற கைகள் எல்லாம் புகையாக வந்தன. ஆட்களைத் திட்டவில்லை, லென்ஸையும் திட்டவில்லை. ஜன்னல் பக்கத் திரையை விலக்கி, மணையைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொன்னேன். மாமியார் வீட்டு ஆட்கள் முணுமுணுத்தார்கள். ரூபா, "எங்க அக்கா சொன்னா மாத்திடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாமே வந்தது. மண்டபமும் அடங்கியது, அவள் கன்னத்துச் சந்தனமும் வந்தது. இரண்டு கை நிறைய வளையலைத் தூக்கி அவளே குலுக்கிப் பார்க்கிற படம் ஒன்று. அதுதான் படம் என்று எடுத்தபோதே தெரிந்துவிட்டது.

கண்ணைப் பற்றி ரூபாவிடம் சொல்லவில்லை. குழந்தை பிறக்கட்டும்.

ஜூலை 29, திங்கள்

கேஜ் ரூமில் எதை எங்கே வைப்பது என்று ஒரு முறையும் இல்லாமல் இருந்தது. மாற்றிவிட்டேன். ஒன்பது மணிநேரம் தூங்குகிறேன். முனிராஜ் சமையல் கற்றுக்கொண்டிருக்கிறார். ரசம் பரவாயில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

சனிக்கிழமை மறுபடி ஸ்கேன். குன்று பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. லேசர் தேவைப்படாது என்று டாக்டர் சொல்கிறார். வலது கண்ணில் நடுக் கம்பி இன்னும் லேசாக ஒரு நெளிவு காட்டுகிறது. அது அப்படியே நின்றாலும் நிற்கலாம். பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாதம் முதல் நாகவேணி லைன் லீடர். லைன் பலகையில் லீடர்களின் படத்தை ஒட்டுவார்கள். ஆபீஸில் போனில் எடுத்துக் கொடுத்த படம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கேஜ் ரூம் ஜன்னலில் வந்து நின்றாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவள் என்னிடம் பேசியதில்லை.

"அக்கா, கேமரா கொண்டாறீங்களா?"

கம்பெனிக்குள் கேமராவுக்கு அனுமதி கிடையாது. இன்று ஷிஃப்ட் முடிந்ததும் முனிராஜை எடுத்துவரச் சொல்லி, கேட்டுக்கு வெளியே சுண்ணாம்பு அடித்த சுவர் ஓரமாக அவளை நிற்க வைத்தேன். லென்ஸை ஐம்பதுக்குக் கிட்டே வைத்து எடுத்தேன். நல்ல வெளிச்சம். கூர்மையாக வந்தது. எனக்குத் திருப்தி.

அவள் கேமராவை வாங்கித் திரையில் பார்த்தாள். "இது வேணாம் அக்கா."

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்குது. நான் பயந்த மாதிரி இருக்கேன்."

இன்னொன்று எடுத்தேன். அதுவும் வேண்டாம். துப்பட்டாவைச் சரிசெய்து மூன்றாவது. அதில் கழுத்து சாய்ந்திருக்கிறதாம். எனக்குச் சாய்வு தெரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக எங்களையே பார்த்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். நாகவேணி அவரைப் பார்த்து, இருங்க வர்றேன் என்று கையைத் தூக்கிச் சிரித்தாள். அப்போதும் எடுத்தேன்.

அதை அவள் வெகுநேரம் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுதான்."

முகம் பாதி திரும்பியிருந்தது. கை சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. என் மேசைக்கு வந்திருந்தால் நான் தள்ளியிருப்பேன்.

"சரி, இதுதான்" என்றேன். நாளை பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும்.